ஒரு ஹால், எதிரெதிர் நிறங்கள் இரண்டு: அடிப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முழு முறை

எங்கள் ஹாலில் ஒரு சுவருக்கு மயில்கழுத்து நிறம், மற்ற மூன்றுக்கும் சந்தன நிறம் என்று முடிவு செய்தோம். கடையில் ஷேடு கார்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நல்ல பட்டுப்புடவையின் உடலும் பார்டரும் போல அப்படிப் பொருந்தின. அடித்து முடித்த அன்று இரவு லைட்டைப் போட்டால், மயில்கழுத்து கரும்பலகை மாதிரி நின்றது. சந்தனமோ காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் முகம் மாதிரி வெளுத்திருந்தது.

இரண்டு நிறத்திலும் தப்பில்லை. நான் பார்த்த இடமும் பார்த்த வரிசையும்தான் தப்பு. ஒரு சுவரை மறுபடி அடித்த பிறகு, தங்கை வீடு, சித்தப்பா மகனின் ஃபிளாட், இரண்டு நண்பர்களின் வீடுகள் என்று இதே வேலையில் கூட நின்றிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களை வைத்தே இந்த வரிசையைப் போட்டிருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: ஷேடு கார்டு, பிரிண்டிங் கடைகளில் கிடைக்கும் வெள்ளை சன்போர்டு ஆறு (இரண்டடிக்கு இரண்டடி), 4 அங்குல ரோலர் இரண்டு, கொஞ்சம் வாட்டர் பிரைமர், உப்புத்தாள், இரட்டைப் பக்கம் ஒட்டும் டேப், ஒரு வெள்ளை வேட்டி, ஒரு நோட்டு. இவற்றோடு நான்கு நாள் பொறுமை. பெயிண்டர் திங்கட்கிழமை வருகிறார் என்றால் முந்தின புதன்கிழமையே தொடங்கிவிட வேண்டும். ஞாயிறு சாயங்காலம் தொடங்கினால் இதில் பாதி நடக்காது.

1. உங்கள் கேள்வி எது என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

"இரண்டு கலரை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்" என்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான் வேண்டும்: பச்சையா, செங்கல் நிறமா? இன்னொருவருக்கு இரண்டுமே வேண்டும்: ஒரு சுவருக்கு இது, மற்றவற்றுக்கு அது, இரண்டும் சேருமா?

பார்க்கும் முறை இரண்டுக்கும் வேறு. இரண்டில் ஒன்று என்றால், ஒன்றைப் பார்க்கும்போது மற்றது கண்ணில் படவே கூடாது. இரண்டும் சேருமா என்றால், தனித்தனியாகப் பார்த்துப் பயனில்லை.

காரணம், எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்த பச்சை, தன் இயல்பைவிட இன்னும் பச்சையாகத் தெரியும். தங்கை வீட்டில் இரண்டு அட்டையையும் ஒட்டி வைத்துப் பார்த்து, "பச்சைதான் அழகு" என்று நான்கு சுவருக்கும் பச்சை அடித்தார்கள். துணைக்குச் செங்கல் நிறம் இல்லாததால் அந்தப் பச்சை சாம்பல் பூத்துப்போனது. பெயிண்ட் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வாரம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

2. மாற்ற முடியாதவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

சுவர் நிறம்தான் ஹாலிலேயே சுலபமாக மாற்றக்கூடியது. தரை, கதவு, கிச்சன் ஷட்டர், இன்னும் ஐந்து வருடம் இருக்கப்போகும் சோபா ஆகியவற்றை மாற்றப்போவதில்லை. ஆகவே நிறம் அவற்றுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

தரையை மறப்பவர்கள்தான் அதிகம். வெயில் தரையில் பட்டு அங்கிருந்துதான் சுவருக்கு ஏறுகிறது. பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரை, பக்கத்துச் சுவரின் கீழ்ப்பாதிக்குச் சிவப்புச் சாயம் பூசிவிடும். அந்த வீட்டில் வெளிர்பச்சை அடித்தால், கீழே ஒரு பச்சை, மேலே ஒரு பச்சை என்று தெரியும். வெளுத்த சாம்பல் நிற விட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட ஃபிளாட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே சந்தனம், கிரீம் மாதிரி நிறங்கள் கொஞ்சம் அழுக்கேறியது போலத் தோன்றும்.

பரணில் மிச்ச டைல்ஸ் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். அதையும் சோபா துணியின் துண்டையோ தலையணை உறையையோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போதும் இவை கூட வரட்டும்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நான்கடி சந்து தாண்டி அடுத்த வீட்டுச் சுவர் ரோஸ் கலரில் நின்றால், மத்தியானம் உங்கள் ஹாலுக்குள் வரும் வெளிச்சமே ரோஸ்தான். சித்தப்பா மகனின் ஃபிளாட்டில் "வெள்ளை ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது?" என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் எதிர்ச்சுவர் கண்ணில் பட்டது.

வாஸ்து பார்ப்பவர்கள் அதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. பெயிண்ட் கலந்து வந்த பிறகு மாமியார் சொல்லித் தெரிந்துகொண்டால், டப்பாவைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

3. நிறத்துக்கு முன்னால் லைட்டை முடிவு செய்யுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். பெயிண்ட் அடித்த பிறகு லைட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஹாலில் நாம் உட்காருவது பெரும்பாலும் சாயங்காலம் ஆறரைக்கு மேல். அந்த நேரத்தில் சுவரின் நிறத்தைத் தீர்மானிப்பது பெயிண்ட் பாதி என்றால், பல்பு மீதி.

எல்இடி பல்பு, பேட்டன் (நீளமான எல்இடி டியூப்) எதுவானாலும் பெட்டியின் மேல் ஒரு எண்ணும், வெளிச்சத்தின் நிறச் சாய்வை அளக்கும் கெல்வினைக் குறிக்கும் K என்ற எழுத்தும் இருக்கும். 2700 முதல் 3000 வரை என்றால் மஞ்சள் சாய்ந்த வார்ம் ஒயிட். 4000 நடுத்தரம். 6500 என்றால் நம் வீடுகளில் பழகிப்போன, நீலம் சாய்ந்த வெள்ளை வெளிச்சம்.

6500 வெளிச்சத்தில் நீலம், நீலப்பச்சை, சாம்பல் எல்லாம் துடைத்துவிட்டது போலப் பளிச்சென்று இருக்கும். சந்தனமும் பீச்சும் வெளுக்கும். 3000 வெளிச்சத்தில் சந்தனம், மஞ்சள், செங்கல் நிறங்கள் உயிர்பெறும், கரும்நீலம் கறுத்துப்போகும். எதிரெதிர் நிறங்கள் இரண்டை வைத்தால், எந்த பல்பைப் போட்டாலும் ஒன்றுக்குச் சாதகம், மற்றொன்றுக்குப் பாதகம். எனவே இரண்டில் எது இரவில் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு வரவில்லையென்றால் 4000 போடுங்கள். எங்கள் ஹாலில் கடைசியில் அதுதான் நின்றது.

அதே பெட்டியில் சிஆர்ஐ என்று இன்னொரு எண் இருந்தால் அதையும் பாருங்கள். நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது, உச்சம் 100. சாதாரண பல்புகளில் 80 இருக்கும். 90 கிடைத்தால் ஹாலுக்கு அதை வாங்கலாம். சிவப்புச் சாய்வுள்ள நிறங்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

முடிவு செய்த பல்பை இப்போதே மாட்டிவிடுங்கள். "அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்" என்றால் வரப்போகும் நாலு நாள் வேலையும் வேறு வீட்டுக்குச் செய்தது போல ஆகிவிடும்.

4. ஜன்னல் திசை: இணையத்தில் படித்ததை அப்படியே எடுக்காதீர்கள்

வெளிநாட்டு வீடியோக்களில், வடக்கு ஜன்னல் அறைக்கு நேர் வெயிலே வராது, வெளிச்சம் நீலமாக இருக்கும், அதனால் இதமான நிறம் அடியுங்கள் என்பார்கள். அங்கே அது சரி. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே வடக்குப் பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். வைகாசியில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் எட்டிப் பார்க்கும். மார்கழியில் தலைகீழ்: தெற்கு ஜன்னல் வழியாக உள்ளே வெகுதூரம் வரும்.

ஆகவே திசையைவிட, உங்கள் ஜன்னலில் எந்த நேரம் நேர் வெயில் விழுகிறது, சன்ஷேடு எவ்வளவு மறைக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பதே உபயோகம். மேற்குப் பார்த்த பால்கனி இருந்தால் சாயங்காலம் நாலரை முதல் ஆறு வரை ஹாலே ஆரஞ்சில் குளிக்கும். அந்த நேரத்தில் எந்த நீலத்தையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

5. ஷேடு கார்டில் நான்காகக் குறையுங்கள்

சரி, இப்போதுதான் கார்டைத் திறக்க வேண்டும். வெளிர் நிறத்தில் இரண்டு, அழுத்தமான நிறத்தில் இரண்டு, ஆக நான்கு. அதற்கு மேல் போனால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

முதல் சோதனை, அடிச்சாயல். வெளிர் நிறங்கள் எல்லாமே தனியாகப் பார்த்தால் சாதுவாக இருக்கும். அதே பட்டையின் கடைசியில் உள்ள மிக அழுத்தமான கட்டத்தைப் பாருங்கள். அங்கே ரோஸ் தெரிந்தால், நீங்கள் சந்தனம் என்று நினைக்கும் நிறத்துக்குள்ளும் ரோஸ் ஒளிந்திருக்கிறது. நான்கு சுவர் அளவுக்கு விரியும்போது அது வெளியே வரும்.

இரண்டாவது சோதனை, வெளிச்ச இடைவெளி. பல கம்பெனிகளின் கார்டில் ஒவ்வொரு நிறத்தோடும் எல்ஆர்வி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மேலே விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு அது. கறுப்பு பூச்சியத்துக்குப் பக்கம், வெள்ளை 100-க்குப் பக்கம். இரண்டு நிறத்துக்கும் நடுவில் குறைந்தது 30 வித்தியாசம் வைத்துக்கொள்வது என் கணக்கு.

ஏன் இந்த இடைவெளி? நிறம் வேறு வேறாக இருந்தும் வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால், இரண்டும் சந்திக்கும் கோட்டில் கண் நிலைகொள்ளாது. கடுகு மஞ்சளும் கிளிப்பச்சையும் ஒரே அழுத்தத்தில் அடித்த ஒரு வீட்டில், அந்த மூலையைப் பார்த்தாலே கோடு அதிர்வது போல இருக்கும். அவர்களும் "ஏதோ சரியில்லை" என்றார்களே தவிர, என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

அழுத்தமான நிறத்தின் எல்ஆர்வி 10-க்குக் கீழே என்றால் இன்னொரு எச்சரிக்கை. அந்தச் சுவர் இரவில் வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஒற்றை 20 வாட் பேட்டன் போதாது; அந்தச் சுவருக்கென்று தனியாக ஒரு விளக்கு வேண்டும். என் மயில்கழுத்து கரும்பலகையானதற்குப் பாதிக் காரணம் இது.

கடைசியாக, கார்டில் பிடித்துப்போன அழுத்தமான நிறத்துக்கு ஒரு படி மங்கலான பக்கத்து நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தபால்தலை அளவில் பார்த்த நிறம் சுவரளவு ஆகும்போது இன்னும் தூக்கலாகத் தெரியும். பெரும்பாலும் அந்த மங்கலானதுதான் ஜெயிக்கும்.

6. கடையில் வாங்கும்போது

ஜவுளிக்கடையில் புடவையை டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்து எடுப்பதில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிரித்துப் பார்த்துத்தான் எடுக்கிறோம். பெயிண்ட் கடையில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போகிறதோ தெரியவில்லை. ஷேடு கார்டை வாசலுக்கு எடுத்து வாருங்கள். கூடக் கொண்டுபோன டைல்ஸையும் துணியையும் பக்கத்தில் வையுங்கள். இந்த இடத்திலேயே நான்கில் ஒன்று கழிந்துவிடும்.

மீதிக்கு மாதிரி டப்பா கேளுங்கள். சிறிய சாம்பிள் டப்பா இல்லையென்றால் ஒரு லிட்டர் கலந்து வாங்க வேண்டியதுதான். காசு வீணாகிறதே என்று தோன்றும். ஒரு சுவரை மறுபடி அடிக்கும் கூலியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

மாதிரியும் அசலும் ஒரே ரகமாக இருக்கட்டும். மாதிரியை விலை குறைந்த எமல்ஷனில் கலந்து வாங்கி, சுவருக்கு வேறு ரகம் அடித்தால், நிறத்தின் கோடு (code) எண் ஒன்றாக இருந்தாலும் நிறம் துளி விலகும். நிறம் கலப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயிண்டை பேஸ் என்பார்கள்; வெவ்வேறு பேஸில் வெள்ளையின் அளவு வேறு.

மேட்டா (மினுமினுப்பு இல்லாதது), ஷீனா (மினுமினுப்பு உள்ளது) என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். அதே நிறம் மேட்டில் மாவு பூசியது போல மென்மையாக, கொஞ்சம் வெளிறித் தெரியும். ஷீனில் ஆழமாகத் தெரியும். ஆனால் ஜன்னலை ஒட்டிய சுவரில் ஷீன் அடித்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் பட்டி வேலையின் மேடு பள்ளம் எல்லாம் ஊருக்கே தெரியும். அழுத்தமான நிறத்தை மேட்டில் அடித்தாலோ கை பட்ட இடம், நாற்காலி உரசிய இடம் வெள்ளைக் கோடாக நிற்கும். குழந்தைகள் ஓடும் வீட்டில் அழுத்தமான சுவருக்கு லேசான ஷீன், வெளிர் சுவர்களுக்கு மேட் என்று நான் சொல்வேன். அப்படியென்றால் மாதிரியையும் அப்படியே வாங்குங்கள்.

7. சுவரில் அடிக்காதீர்கள், போர்டில் அடியுங்கள்

பெரும்பாலான பெயிண்டர்கள் சுவரிலேயே கையகலத்துக்கு இரண்டு திட்டு அடித்துக் காட்டுவார்கள். அதில் மூன்று சிக்கல். பழைய சுவரின் நிறம் அடியிலிருந்து தெரியும். சுற்றிலும் உள்ள பழைய நிறம் கண்ணை இழுக்கும். திட்டை நகர்த்த முடியாது. ஜன்னல் பக்கத்தில் அடித்த திட்டு, உள்மூலையில் எப்படித் தெரியும் என்று சொல்லாது.

சன்போர்டுக்கு உப்புத்தாளால் லேசாக ஒரு தேய். பிறகு பிரைமர் ஒரு கோட். அது காய்ந்ததும் நிறம் இரண்டு கோட், ரோலரால்தான். பிரஷ் கோடு விழுந்தால் நிறம் வேறு மாதிரி தெரியும். கோட்டுகளுக்கு நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கொடுங்கள். பெரும்பாலும் நாலைந்து மணி நேரம் வரும். ஐப்பசி மழையில் இன்னும் கூடுதலாகக் கேட்கும். சார்ட் அட்டையில் அடித்துப் பார்க்காதீர்கள். ஈரம் பட்டதும் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும்.

விளிம்பு வரை அடியுங்கள். சுற்றிலும் வெள்ளை பார்டர் விட்டால், படத்துக்குச் சட்டம் போட்டது போல நிறம் அதனளவில் அழகாகத் தெரியும். சுவருக்கு அப்படிச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு போர்டு வேண்டும். ஏன் என்பது ஒன்பதாவது படியில் வரும்.

ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது பால் கலந்தது போல வெளிறியிருக்கும். காயக் காய அழுத்தமாகும். டிஸ்டம்பர் அப்படியே தலைகீழ், காய்ந்தால் வெளுக்கும். நண்பர் ஒருவர், முதல் கோட் ஈரத்தைப் பார்த்து "ரொம்ப லைட்டா இருக்கு" என்று கடைக்கு ஓடி, ஒரு படி அழுத்தமானதாகக் கலக்கச் சொல்லிவிட்டார். காய்ந்த பிறகு இரண்டு படி அழுத்தமாக வந்து நின்றது. ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும்.

பின்பக்கத்தில் கோடு எண்ணை எழுதி வையுங்கள். இதை எழுதாமல், "இது எந்தச் சந்தனம்?" என்று இரண்டு வெளிர் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

8. நான்கு வேளை, இரண்டு நாள்

பழைய சுவர் நிறத்தை மறைக்க வெள்ளை வேட்டியை விரித்துத் தொங்கவிட்டு, அதன் மேல் போர்டை நிறுத்துங்கள். நீலம் அதிகம் போட்டுத் துவைத்த வேட்டி வேண்டாம். அது பக்கத்து நிறத்தை மஞ்சளாகக் காட்டும். பழைய சுவர் ஏற்கெனவே வெள்ளையென்றால் இந்த வேலை மிச்சம்.

காலை ஏழு மணி, உச்சி, சாயங்காலம் ஐந்து, இரவு எட்டு. ஒவ்வொரு வேளையும் போர்டை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள்: ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், ஜன்னல் இருக்கும் சுவர், இருட்டான உள்மூலை. ஜன்னல் இருக்கும் சுவர்தான் பகலில் மிகவும் கறுத்துத் தெரியும், ஏனென்றால் வெளிச்சம் அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அழுத்தமான நிறத்தை அங்கே அடிப்பது பெரும்பாலும் தப்பு.

போர்டை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். தரையில் கிடத்திப் பார்த்தால் சீலிங் வெளிச்சம் நேராக விழுந்து ஒரு படி வெளிறிக் காட்டும். சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள், மூக்கை ஒட்டி அல்ல.

ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு வார்த்தை எழுதுங்கள். மார்க் போட வேண்டாம். எங்கள் நோட்டில் மயில்கழுத்துக்கு எழுதியிருந்தது: காலை 'அழகு', உச்சி 'அழகு', ஐந்து மணி 'பாசி', இரவு 'கறுப்பு'. சந்தனத்துக்கு: 'வெண்ணெய்', 'வெள்ளை', 'மாம்பழம்', 'வெளுப்பு'. இப்படி எழுதிப் பார்த்ததும்தான் ஹாலில் நாங்கள் இருக்கும் நேரத்தில் இரண்டுமே சரியில்லை என்பது புரிந்தது. இது இரண்டாவது முறை அடிப்பதற்கு முன் எழுதியது. முதல் முறையே எழுதியிருக்கலாம்.

இரண்டில் ஒன்று வேண்டும் என்பவர்கள் இந்தப் படியிலேயே முடித்துக்கொள்ளலாம். ஒருநாள் முழுக்க ஒரு நிறம் மட்டும், மறுநாள் மற்றது. மூன்றாம் நாள் நோட்டைப் படியுங்கள். இரவு எட்டு மணிக்கு எது பிடித்ததோ அதற்கே என் ஓட்டு.

9. இரண்டையும் சேர்த்து: அளவும் மூலையும்

பார்டர் அரை முழம் இருந்தால் அழகு. உடலும் பார்டரும் சரிபாதி என்றால் புடவை மாதிரியே இருக்காது. சுவரிலும் அப்படித்தான். ஆனால் போர்டுகளை ஒப்பிடும்போது எல்லோரும் ஒன்றுக்கு ஒன்று என்று சரிபாதியாகத்தான் வைக்கிறார்கள்.

உங்கள் ஹாலின் கணக்கைப் போடுங்கள். எங்கள் ஹால் 14-க்கு 12, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்த்து 520 சதுர அடி. அழுத்தமான சுவர் 14 அடி நீளம், அதாவது 140. கதவு ஜன்னல் ஒரு 80 போனால் வெளிர் நிறத்துக்கு 300. ஆக, ஒரு பங்கு அழுத்தத்துக்கு இரண்டு பங்கு வெளிர். இரண்டு வெளிர் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு அழுத்த போர்டை இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்துப் பாருங்கள். 60-30-10 (முக்கிய நிறம் 60 சதவீதம், துணை நிறம் 30, தூக்கலான நிறம் 10) என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது; சோபா, திரைச்சீலை, கதவு எல்லாவற்றையும் அதில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. உங்கள் சுவரின் உண்மையான அளவே போதும்.

அடுத்தது மூலைச் சோதனை. இதை விட்டுவிடாதீர்கள். அறையின் மூலையில் ஒரு சுவரில் வெளிர் போர்டு, அதை ஒட்டிய சுவரில் அழுத்தமான போர்டு என்று 'ட' வடிவில் நிறுத்துங்கள். அழுத்தமான நிறம் பக்கத்து வெளிர் போர்டின் மேல் தன் சாயலை வீசும். மயில்கழுத்துக்குப் பக்கத்தில் சந்தனம் ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பச்சை ஏறியது. வெயில் நேராக விழும் நேரத்தில் இன்னும் அதிகம். தட்டையாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அப்புறம், ஒரே நிறத்தின் இரண்டு போர்டையும் எதிரெதிராக, ஓரடி இடைவெளியில் நிறுத்தி நடுவில் எட்டிப் பாருங்கள். நிறம் கூடித் தெரியும். எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே நிறம் அடித்தால் ஒன்றின் வெளிச்சம் மற்றதில் பட்டு இப்படித்தான் ஏறும். மஞ்சளில் இது மோசம். மூன்று சுவருக்கு மஞ்சள் குடும்பம் என்றால் கார்டில் ஒரு படி வெளிறியதற்குப் போங்கள்.

கடைசியில் நாங்கள் மயில்கழுத்தை விடவில்லை. அதே பட்டையில் ஒரு படி மேலே, கொஞ்சம் சாம்பல் கலந்ததற்கு மாறினோம். சந்தனத்துக்குப் பதில் அதைவிட மஞ்சள் கூடிய கிரீம்.

10. போனை எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

நிறத்தைக் காட்ட போன் உதவாது. கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொண்டு, நிறத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். வாட்ஸ்அப்பில் அண்ணிக்கு அனுப்பி, அவர் போனில் பார்த்து, "பச்சை மாதிரி இருக்கே" என்று சொல்ல, ஒரு குடும்பமே குழம்பியிருக்கிறது. சுவர் நிறத்தை மாற்றிக் காட்டும் ஆப்களும் எந்தச் சுவர், எவ்வளவு என்று யோசிக்கத்தான் உதவும்.

ஒன்றுக்கு மட்டும் போன் கெட்டி. இரண்டு போர்டையும் ஒரே படத்தில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்ச இடைவெளி போதவில்லை. கார்டில் எல்ஆர்வி எண் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி.

11. பெயிண்டரிடம் ஒப்படைக்கும்போது

எந்தச் சுவருக்கு அழுத்தம் என்பதை வாயால் சொல்லாதீர்கள். அந்தந்தச் சுவரில் அந்தந்த போர்டை ஒட்டிவிட்டு, பென்சிலில் கோடு எண்ணையும் எழுதுங்கள். "டிவி சுவர்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போன ஒருவர் வீட்டில், அன்றைக்கு டிவியை எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவு: இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 60 முதல் 70 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், ரகத்துக்கு ரகம் மாறும், டப்பாவில் போட்டிருக்கும். எங்கள் 300 அடிக்கு 5 லிட்டர். 140 அடிக்குக் கணக்குப்படி இரண்டேகால் லிட்டர்தான் வரும். ஆனாலும் 4 லிட்டர் டப்பாவே வாங்கினோம். அழுத்தமான பேஸில் வெள்ளை குறைவு என்பதால் அடிநிறத்தை மறைக்க மூன்றாவது கோட் கேட்கும். தூக்கலான மஞ்சளும் சிவப்பும் இதில் இன்னும் பிடிவாதம். அடியில் அதே சாயல் கலந்த பிரைமர் அடித்தால் ஒரு கோட் மிச்சமாகும்.

ஒரே நிறம் இரண்டு டப்பாவில் வந்தால், ஒரு பெரிய வாளியில் இரண்டையும் ஊற்றிக் கலக்கிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மெஷினில் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா துளி வித்தியாசம் வரலாம். முதல் டப்பா பாதிச் சுவரில் தீர்ந்து, இரண்டாவது அங்கிருந்து தொடங்கினால் நடுச்சுவரில் கோடு தெரியும்.

வெளிர் நிறத்தை முதலில் முடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அழுத்தமானது. மாறாகச் செய்தால், அழுத்தமான சுவரில் தெறிக்கும் வெளிர்ப் புள்ளிகளைத் துடைத்துத் தீராது. மூலைக்கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டியதும், டேப்பின் விளிம்பில் முதலில் வெளிர் நிறத்தையே மெலிதாக ஓட்டச் சொல்லுங்கள். டேப்புக்கு அடியில் கசிவது அந்த நிறமாகவே இருக்கும். மேலே அழுத்தமானது அடித்தால் கோடு கத்தியால் வெட்டியது போல வரும். டேப்பை முழுக்கக் காய்வதற்குள் சாய்வாக இழுத்து எடுக்க வேண்டும். மறுநாள் எடுத்தால் பெயிண்டும் தோலாக உரிந்து வரும்.

முதல் கோட் முடிந்த அன்று இரவு எட்டு மணிக்கு, முடிவு செய்த பல்பைப் போட்டு சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டாவது கோட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொல்ல இதுதான் கடைசி இடம். முதல் கோட்டில் திட்டுத்திட்டாகத் தெரிவது இயல்பு, அதற்காகப் பதற வேண்டாம். போர்டைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். நிறமே வேறாக இருந்தால் மட்டும் டப்பா மேல் உள்ள ஸ்டிக்கரில் கோடு எண்ணைச் சரிபாருங்கள்.

அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துவிட்டு, மிச்ச பெயிண்டை ஒரு சின்ன பாட்டிலில் காற்றுப் புகாமல் அடைத்து, சுவரின் பெயரையும் தேதியையும் மேலே எழுதி, பரணில் அந்த டைல்ஸுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.